வெறுங்கம்பம்

ஏரிக்கரைக் கம்பத்தில் எப்போதும் சிவப்புக் கொடிதான். காலையில் விசில் வந்து தன் பெட்டியைத் திறக்கும்போதே அது பறந்துகொண்டிருக்கும். சாயங்காலம் அவள் பூட்டிக்கொண்டு போன பிறகும் பறக்கும். வெயிலிலும் மழையிலும் நின்று நின்று, சிவப்பு என்று சொல்லிக்கொள்ள அதற்கே கூச்சமாக இருக்கும் ஒரு நிறத்துக்கு வந்திருந்தது.

விசில் என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. அந்த விடுமுறை விடுதியில் அவளுக்குக் கரைக்காவல் வேலை. கழுத்தில் விசில் தொங்கியதால் சமையல்கட்டிலிருந்து வரவேற்பறை வரை எல்லாருக்கும் அவள் விசில். வயதில் சின்னவர்களுக்கு விசிலக்கா. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது. அதைப் பார்க்கும்போது யாரோ தூரத்துச் சொந்தக்காரியை நினைத்துக்கொள்வதுபோல இருக்கும் அவளுக்கு.

முன்பெல்லாம் கொடிகள் மூன்று இருந்தன. பச்சை ஏற்றியிருந்த ஒருநாள், விருந்தாளி ஒருவர் பாசிப் படியில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். பச்சை போட்டிருந்தீர்களே, பச்சைக்கு என்ன அர்த்தம் என்று தலைமை அலுவலகம் வரைக்கும் போய்க் கேட்டார். அதோடு உத்தரவு வந்துவிட்டது: இனி சிவப்பு மட்டும். எது நடந்தாலும் கொடி சிவப்பாக இருந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா. ஏரியில் இறங்கக் கூடாது என்று மனிதர்கள் யாரும் சொல்லவில்லை. கொடி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேயே குளித்தார்கள், மிதிபடகு விட்டார்கள், ஈரத் துண்டைக் கம்பத்திலேயே கட்டிக் காயவும் போட்டார்கள். பச்சையையும் மஞ்சளையும் விசில் மடித்து, மத்தியான நேரத்தில் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

கழுத்தில் தொங்கிய விசிலுக்கு இரண்டே இரண்டு பேச்சு. சின்னதாக ஓர் ஊதல் என்றால் நீச்சல்குளத்துப் பக்கம் ஓடாதே. நீளமாக இரண்டு என்றால் படகு நேரம் முடிந்தது, படித்துறைக்கு வா. அந்த இரண்டு நீள ஊதலைக் கேட்டதும் ஏரியில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் மஞ்சள் படகுகள் எல்லாம், தீனிச் சத்தம் கேட்ட வாத்துகள் மாதிரி மூக்கைத் திருப்பிக் கரையைப் பார்த்து வரும். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். ஓர் ஏரி முழுக்கத் தன் மூச்சுக்குக் கட்டுப்படுகிறது என்று நினைத்துக்கொள்வாள். மற்ற நேரங்களில் அவள் மூச்சுக்கு வீட்டுப் பூனைகூடக் கட்டுப்படாது.

விடுமுறைக் கூட்டம் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, நாணல் பக்கம் ஒரு மரக்கட்டை மிதந்துகொண்டிருந்தது. அவள் தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கரையிலிருந்து ஏரிக்குள் வீசியது. கம்பத்துக் கொடியின் வால் தண்ணீரைப் பார்த்துத்தான் ஆடியது. கட்டை கரையை நோக்கி வந்தது. தேநீர் டம்ளரைக் கீழே வைத்தது அவளுக்கு ஞாபகமில்லை.

மேனேஜர் முதலில் சிரித்தார். "கட்டையாத்தான் இருக்கும்மா. உனக்கு ராத்திரி தூக்கம் சரியில்ல போல."

"கட்டை காத்துக்கு எதிரா வருமா சார்?"

அவர் நல்ல மனிதர். எழுந்து கூடவே வந்தார். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. திரும்பலாம் என்று அவர் காலை எடுத்தபோது தண்ணீர்மட்டத்தில் இரண்டு புடைப்புகள் எழுந்தன. கொஞ்சம் தள்ளி, மூக்கு. நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்ததும் மேனேஜர் ஓரடி பின்வாங்கினார். "எம்மாடி, எவ்வளவு பெரிய தலை!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாதே," என்றார். பிறகு, "சொல்லாம எப்படி இருக்கறது?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

வனத்துறைக்குப் போன் போட்டார். கூண்டு ஒன்றுதான் இருக்கிறது, அது வேறொரு அணைக்கட்டில் நிற்கிறது, விடுமுறை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறோம், அதுவரை யாரும் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏரியை மூடிவிடலாமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டார். அங்கிருந்து பதிலுக்கு ஒரு கேள்விதான் வந்தது: கொடி சிவப்பில்தானே இருக்கிறது?

கடைசியில் ஒரு பலகை வந்தது. பிளந்த வாயோடு முதலைப் படம், கீழே 'எச்சரிக்கை'. படித்துறைக்குப் பக்கத்தில் நட்டார்கள். அதுவரை நீச்சல்குளத்தருகே சாய்வு நாற்காலியில் கிடந்தவர்கள்கூட எழுந்து ஏரிக்கரைக்கு வந்தார்கள். பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் குழந்தையின் தலையைப் படத்து வாய்க்கு நேராக வைத்து, "அழற மாதிரி மூஞ்சிய வச்சுக்கோ கண்ணு," என்றார். மறுநாளே மேனேஜர் பலகையைப் பிடுங்கி ஸ்டோர் ரூமில் போட்டார். பலகை போய்விட்டது, கூட்டம் போகவில்லை. "அது எங்க வரும்மா? எத்தனை மணிக்கு வரும்?" என்று விசிலைக் கேட்டார்கள். அவள் எச்சரித்த ஒவ்வொருவரும் இன்னும் ஓரடி முன்னால் வந்து நின்றார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களின் சொந்தக்காரர்கள் விடுதியில் வந்து தங்கிக்கொள்ளலாம். இந்த முறை அவளுடைய தங்கை குடும்பம் வருவதாக இருந்தது. முதலையைப் பார்த்த அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் போட்டிருந்தாள்.

"இந்தத் தடவை வேணாம்டி. ஏரியில முதலை வந்திருக்கு. நானே என் கண்ணால பாத்தேன்."

போனைத் தங்கையின் கணவர் பிடுங்கிக்கொண்டார். "அண்ணி, நெசமாவா? எவ்வளவு நீளம்?"

"நீளத்தை அளந்துக்கிட்டா இருப்பாங்க? வராதீங்க மாப்பிள்ளை."

சனிக்கிழமை வருவதாக இருந்தவர்கள் வியாழக்கிழமையே வந்து இறங்கினார்கள்.

தங்கையின் கணவருக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை. கடையில் நாள் முழுக்கப் பேச்சுக்கு ஆள் கிடைக்காததாலோ என்னவோ, வெளியே வந்தால் வாய் ஓயாது. காரிலிருந்து இறங்கும்போதே, "எங்க அண்ணி நம்ம விருந்தாளி? வந்து வாங்கன்னு கூப்பிடக்கூட ஆளைக் காணோம்," என்றார். அவர்களுடைய ஒரே மகள், வாண்டு என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமி, ஓடிவந்து விசிலின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, முதலைக்குப் பல் எத்தனை? அப்பா எண்ணிக் காட்டறேன்னு சொன்னாரு."

"உங்கப்பாவுக்கு வாயில இருக்கறதை முதல்ல எண்ணச் சொல்லு," என்றாள் விசில். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தங்கையைத் தனியாக அறைக்குள் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "குளத்துல குளிங்க, ஊஞ்சல் ஆடுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஏரிப் பக்கம் மட்டும் வேணாம். படகு கிடகுன்னு ஏறிடாதே."

"நான் எங்கக்கா ஏறப் போறேன்? வர்ற வழியெல்லாம் படகு படகுன்னு வாண்டு ஒரே நச்சரிப்பு. அப்பனும் மகளும் சேர்ந்துட்டா என் பேச்சு எடுபடுமா?"

"எடுபடணும்."

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர் தலையை உள்ளே நீட்டினார். "முதலை படகையா அண்ணி சாப்பிடும்? பிளாஸ்டிக்கு. பாவம், அதுக்கு ஜீரணமாகாது."

தங்கை சிரித்துவிட்டாள். பிறகு, அக்காளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சமாதானமாகச் சொன்னாள்: "ஏன்க்கா இப்படி பயப்படற? கரையில நீதானே உக்காந்திருக்க. உன்னைவிட எங்களுக்கு என்ன பாதுகாப்பு வேணும்?"

விசில் தங்கையின் கையை விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் புல்வெளியில் அடுப்பு மூட்டிக் கோழி வாட்டினார்கள். புகையும் மணமும் தண்ணீர்மேல் தாழ்வாகப் படர்ந்தன. நீச்சல்குளத்தில் இரண்டு பையன்கள் ஒருவனை ஒருவன் தள்ளிவிடுவதாக யாரோ வந்து சொல்ல, விசில் அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது ஏரியில் படகுகள் பரவிக் கிடந்தன. ஒரு படகிலிருந்து சிவப்பு ரிப்பன் கட்டிய சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

படித்துறையில் ஆட்களை ஏற்றி அனுப்பும் படகுக்காரரிடம் கத்தினாள். "ஏன் விட்டீங்க? நான் சொல்லலையா உங்ககிட்ட?"

"உன் தங்கச்சிதானேம்மா. அக்காகிட்ட சொல்லியாச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரு," என்று படகுக்காரர் விழித்தார். "இப்ப வந்துடுவாங்க. அதோ, திரும்பிட்டாங்க பாரு."

மாப்பிள்ளை படித்துறைப் படிகளில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். ஒரு கையில் தட்டு. கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார். "வாடா ராசா, வா! கூச்சப்படாதே, நம்ம வீட்டு விசேஷம்னு நெனச்சுக்கோ!" படியின் மேலே நின்ற கூட்டம் கைதட்டியது. படகிலிருந்து தங்கை போனை உயர்த்திப் பிடித்து அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாண்டு தனியாக மிதித்துக்கொண்டு, ஒரு கையால் தண்ணீரை அளைந்தபடி வந்தாள்.

அப்போது விசில் அதைப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு கோடு. படகுக்கும் படித்துறைக்கும் நடுவே, நிதானமாக, யாரும் அவசரப்படுத்தாத ஒரு பென்சில் இழுத்த கோடு போல வந்தது.

"மாப்பிள்ளை! மேல ஏறுங்க! வருது!"

"வருதா? எங்க அண்ணி?" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் ஒரு படி கீழே இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "வருது" என்ற சொல் புல்வெளிக்கும் போய்விட்டது. அடுப்பருகே நின்றவர்கள் தட்டுகளோடு ஓடிவந்தார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கத்தினால் கூட்டம் வருகிறது. விசிலை உதட்டில் வைத்தாள். ஊதினால் படகுகள் எல்லாம் படித்துறைக்கு வரும். இத்தனை வருஷமாக அவளே பழக்கி வைத்திருக்கிறாள். போ, திரும்பிப் போ என்று சொல்ல ஓர் ஊதல் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை; அவளுக்கும்தான். விசிலை உதட்டிலிருந்து எடுத்தாள். அண்ணாந்து கொடியைப் பார்த்தாள். நேற்றும், அதற்கு முன்தினமும், யாருக்கும் ஒன்றும் ஆகாத அத்தனை நாட்களும் எப்படிப் பறந்ததோ அப்படியே பறந்தது. இதைவிடச் சிவப்பாக ஒரு கொடிக்கு அவள் எங்கே போவாள்?

முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கொடி கையோடு வந்தது. பெட்டியின் மேல் ஏறி நின்று, அதைத் தலைக்கு மேலே வீசினாள். அந்தப் பக்கம் போ, போ, போ என்று இரண்டு கையாலும் தள்ளினாள். உடம்பு முழுக்கத் தள்ளியது.

படகில் சிவப்பு ரிப்பன் துள்ளியது. ஒரு சின்னக் கை தண்ணீரிலிருந்து வெளியே வந்து, சொட்டச் சொட்ட ஆடியது. வாண்டு பெரியம்மாவுக்குக் கை காட்டினாள். அவள் வீச வீச, அதைவிட வேகமாகக் காட்டினாள். காட்டிக்கொண்டே, பெரியம்மாவிடம் சீக்கிரம் போக வேண்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தாள்.

கோடு நின்றது. பிறகு கோடே இல்லை. ஏரி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

தட்டு தண்ணீரில் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. மாப்பிள்ளை உட்காருவதுபோலச் சரிந்தார். பாதிப் பேர் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் விசில் படிகளில் இறங்கிவிட்டாள். அவருடைய அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். அந்தப் பக்கம் இழுத்ததற்கு அவள் இழுப்பு ஒரு பொருட்டே இல்லை. படகுக்காரர் துடுப்பால் தண்ணீரை அடித்தார், மறுபடி மறுபடி, எதன்மேல் படுகிறது என்றே தெரியாமல். அது ஏன் விட்டது என்று யாருக்கும் தெரியாது. விட்டது. இருவரும் மல்லாந்து படியில் விழுந்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கையிலிருந்த கொடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அந்தக் கொடி முதன்முதலாக ஒரு வேலை செய்தது. வெளிறிப்போன துணி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாக வாங்கிய அன்றிருந்த நிறத்துக்குத் திரும்பியது.

"அண்ணி," என்றார் மாப்பிள்ளை. வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. பிறகு கண்கள் செருகிக்கொண்டன.

படகைப் படகுக்காரர் கயிறு வீசி நாணலுக்கு அப்பால், மேட்டுப் பக்கமாக இழுத்துவிட்டார். வாண்டின் கை இன்னும் பாதி உயரத்தில் நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, காலைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாண்டு விசிலின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். தங்கை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"நீ ஏன்க்கா விசில் ஊதல?"

"ஊதினா எல்லாப் படகும் படித்துறைக்குத்தானே வரும்? நீங்க ரெண்டு பேரும் அதுல இருந்தீங்க."

"நாங்கதான் எப்படியும் வந்துக்கிட்டிருந்தமே."

உண்மைதான். அவர்கள் எப்படியும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"ஒரு சத்தமாவது கேட்டிருக்கும்," என்றாள் தங்கை. "அவருக்கு ஏதோ சரியில்லன்னாவது தோணியிருக்கும்." பிறகு மகளை அக்காளின் மடியிலிருந்து மெல்லத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நடையின் அந்தக் கோடியில் இருந்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

கூண்டு மறுநாளே வந்துவிட்டது. விடுமுறை முடியக் காத்திருக்கவில்லை. அணைக்கட்டிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டே நாளில் பிடித்தும்விட்டார்கள். ஏரியில் இன்னொரு முதலை இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் ஒருநாளும் அவளை உட்காரச் சொன்னதில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அவள் தங்கையின் போனிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிரதி அவர் மேஜையிலிருந்த கணினியில் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை சிரித்தபடி கையை ஓங்கியிருந்தார். அவருக்குப் பின்னால், மேலே, கம்பம்.

"கம்பத்துல கொடி இல்லம்மா," என்றார் மேனேஜர்.

"கொடி என் கையில இருந்தது சார்."

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க." அவர் பொத்தானை அமுக்கினார். படம் அசைந்தது. பெட்டியின் மேல் நிற்கும் ஒருத்தி சிவப்புத் துணியை வீசி வீசி ஆட்டினாள். முகம் தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்க்க, ரயில் போகும்போது பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்புகிறவளைப் போல இருந்தாள். வாண்டின் குரல் தெளிவாகக் கேட்டது: "அம்மா, பெரியம்மா டாட்டா காட்டறா! அங்க பாரு, கொடியை வச்சு டாட்டா காட்டறா!"

"போ போன்னு காட்டினேன் சார்."

"எனக்குத் தெரியும்மா." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் நாலு தடவை போட்டுப் பாத்தேன். எப்படிப் பாத்தாலும் டாட்டா மாதிரிதான் இருக்கு. சொந்தக்காரப் பிள்ளையோட விளையாடிக்கிட்டு, கொடியை இறக்கிட்டாங்கன்னு எழுதிட்டாங்க. கொடி மட்டும் மேல இருந்திருந்தா..." என்றவர் நிறுத்திக்கொண்டார். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும். கால் அப்படியேதான் போயிருக்கும். அவள் வேலை மட்டும் போயிருக்காது.

அவள் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பெட்டியிலிருந்த தன் சாமான்களை எடுக்கக் கரைக்குப் போனாள். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, வெயில் தொப்பி. பச்சையும் மஞ்சளும் விடுதியுடையவை. மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டாள். கம்பத்தில் புத்தம்புதுச் சிவப்புக் கொடி, கண் கூசப் பறந்தது. அதற்குக் கீழே புதிய ஆள் ஒருவன் கழுத்தில் விசிலோடு, வாழ்க்கையே இனிமேல்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தான். அன்று காலைதான் படகுகளை மறுபடி இறக்கியிருந்தார்கள். முதலை பிடிபட்ட ஏரி என்பதால் கூட்டம் அலைமோதியது.

"இது எப்ப எப்ப ஊதணும்க்கா?" என்று கேட்டான் புதியவன்.

சொன்னாள். சின்னதாக ஒன்று, நீளமாக இரண்டு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றாள்.

மஞ்சள் படகு ஒன்று படித்துறையை விட்டு நழுவியது. யார் பெற்ற பிள்ளையோ, பின்னிருக்கையில் முட்டிபோட்டு நின்று, கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போனது. அவளைப் பார்த்தும் காட்டியது. அவள் காட்டவில்லை என்று தெரிந்ததும், சரியாகத் தெரியவில்லை போலும் என்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டியது.

விசில் டம்ளரையும் சீப்பையும் தொப்பிக்குள் போட்டாள். தொப்பியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் படகுக்குப் பின்னால் இருந்த தண்ணீரையே பார்த்தபடி நின்றாள்.